ஊருக்குப் பேட்டரி நிலையம் வருதாம்: முதலில் எங்கே போய் என்ன கேட்பது?

நெல்லை மாவட்டத்தின் ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கத்துக்காரர்களுக்குக் காத்தாடி, அதாவது காற்றாலை, புதிதல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றை நம்பி முப்பது வருடமாக நிலம் கை மாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது டீக்கடையில் வேறு பேச்சு. "காத்தாடி இல்லண்ணாச்சி, கப்பல்ல வருமே, அந்த மாதிரி பெட்டி பெட்டியா வைப்பாங்களாம். உள்ள பூரா பேட்டரியாம்." பக்கத்து பெஞ்சில் இருப்பவர் உடனே, "வெடிச்சா ஊரே போயிருமாம்லா" என்பார். மூன்றாமவர் ஏக்கருக்கு என்ன விலை என்று விசாரிப்பார்.

இந்த மூன்று பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை வார்டு உறுப்பினர் ஆனவர், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், சமீபத்தில் இங்கே இடம் வாங்கி வீடு கட்டியவர் யாராக இருந்தாலும் சரி. ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என்ன வருகிறது, எங்கே வருகிறது, யாருடைய நிலத்தில் வருகிறது என்று தெரிய வேண்டும்.

வந்த செய்தியைப் பிரித்துப் பாருங்கள்

பேட்டரி நிலையம் என்பது மிஞ்சுகிற மின்சாரத்தைத் தேக்கி வைத்து, வேண்டும்போது திருப்பிக் கொடுக்கிற இடம். "பேட்டரி நிலையம்" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று விதமான திட்டம் ஒளிந்திருக்கலாம். ஒன்று, மின்வாரியத்தின் சப்ஸ்டேஷன் வளாகத்துக்குள்ளேயே கிடக்கும் காலி இடத்தில் வைப்பது. இரண்டு, சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தனியார் நிலத்தை ஒரு கம்பெனி வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வைப்பது. மூன்று, பெரிய சோலார் பண்ணையோடு சேர்த்து அதன் மூலையில் பேட்டரியும் வைப்பது.

தரகர் கேட்கிற ஏக்கரை வைத்தே பாதி புரிந்துவிடும். வெறும் பேட்டரிக்கு அதிக நிலம் வேண்டாம். 100 மெகாவாட் ஹவர் (இந்தக் கணக்கு கீழே வருகிறது) திறனுள்ள நிலையமே பத்து ஏக்கருக்குள் தாராளமாக அடங்கும். "பேட்டரிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு நூறு ஏக்கர் கேட்டால் அது பெரும்பாலும் சோலார். இரண்டும் தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மின்வாரியம் என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் 2024-இல் அது மூன்றாகப் பிரிந்துவிட்டது. மின் பகிர்மானத்துக்கு ஒரு கழகம், உற்பத்திக்கு ஒன்று, காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கெல்லாம் பசுமை எரிசக்திக் கழகம் என்று தனியாக ஒன்று. 2025-இல் 500 மெகாவாட், 1000 மெகாவாட் ஹவர் பேட்டரிக்கு டெண்டர் விட்டது இந்தப் பசுமைக் கழகம்தான். ஆகவே உள்ளூர் ஈ.பி. ஆபீஸில் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கடிதம் எந்தக் கழகத்துக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் அங்கே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இரண்டு எண், ஒரு கணக்கு

திட்டத்தைப் பற்றிய எந்தத் தாளிலும் இரண்டு எண் இருக்கும். மெகாவாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பது. மெகாவாட் ஹவர் என்பது மொத்தம் எவ்வளவு தேக்கி வைக்க முடியும் என்பது. குளத்தோடு ஒப்பிட்டால் மடையின் அகலம் மெகாவாட், குளத்தின் கொள்ளளவு மெகாவாட் ஹவர். 50 மெகாவாட், 100 மெகாவாட் ஹவர் என்றால் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்கும். ஒரு மெகாவாட் ஹவர் நம் மின் அட்டைக் கணக்கில் ஆயிரம் யூனிட். நூறு என்றால் ஒரு லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டுகிற வீடுகள் ஐந்நூறு இருந்தால், அத்தனைக்கும் அந்த இரண்டு மாதம் ஆகிற மின்சாரம் அது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். இப்போது பெரும்பாலும் வைப்பது எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பரவலாகப் புழங்கும் 280 ஆம்பியர் ஹவர் செல் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய 0.9 யூனிட். அப்படியானால் ஒரு லட்சம் யூனிட்டுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செல்கள். அவற்றை அடுக்கடுக்காக இருபதடிப் பெட்டிகளில் வைத்து, வெளியே இன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர், குளிரூட்டும் கருவி எல்லாம் இணைத்திருப்பார்கள். நூறு யூனிட் உள்ளே விட்டால் 85 அளவில்தான் திரும்பி வரும். மீதி வெப்பமாகவும் குளிரூட்டவும் போய்விடும்.

ஏன் நம் பக்கம்? பகலில் சோலாரும் சீசனில் காற்றும் சேர்ந்து ஓடும்போது மின்சாரம் மிஞ்சுகிறது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, ஏ.சி. ஓடும்போது பற்றாக்குறை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. மிஞ்சுகிற இடத்திலேயே தேக்கி வைத்தால் லைனுக்கும் சுமை குறையும். இதற்கு மத்திய அரசும் 2023-இலிருந்து மானியம் கொடுக்கிறது.

கூடங்குளம் பக்கத்தில் இருப்பதால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கதிர்வீச்சு இருக்குமா? இருக்காது. இது வேதியியல் பேட்டரி. அணுவோடு சம்பந்தமே இல்லை. இதன் ஆபத்து வேறு, கீழே வருகிறேன்.

நிலத்தாளைத்தான் முதலில் எடுக்க வேண்டும்

பலரும் கிராம சபையில்தான் விஷயம் தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். கிராம சபைக்குப் பேச்சு வருவதற்குள் நிலம் பாதி முடிந்திருக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் அப்பா காத்தாடிக்காக ஒரு ஏக்கர் கொடுத்தார். வாங்கிய கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. தரகர் கொண்டுவந்த தாளில் சர்வே எண்ணும் பரப்பும் சரியாகத்தான் இருந்தன. நான்கெல்லையில் கிழக்கு எல்லை மட்டும் சில அடி நகர்ந்திருந்தது. அந்தச் சில அடிக்குள்தான் எங்கள் கிணற்றுத் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை கிடந்தது. கம்பிவேலி போட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் மாடு ஓட்டிப்போக ஓடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். புலப்படத்தை, அதாவது நிலத்தை அளந்து வரைந்த சர்வே வரைபடத்தை, விரித்துக் காட்டிய கிராம உதவியாளர், அதில் ஓடிய புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்து, "பாதை இங்கன இருக்கு பாத்தீங்களா? கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி வந்திருக்கணும்லா அண்ணாச்சி" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகவே சர்வே எண் காதில் விழுந்த அன்றைக்கே நான்கு தாளை எடுங்கள். பட்டா அல்லது சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றும் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். நான்காவது வில்லங்கம், பதிவுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். பட்டாவில் யார் பெயர் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கூட்டுப் பட்டா என்றால் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற பங்காளிகள் சம்மதித்தார்களா என்று கேட்க வேண்டும். அ-பதிவேட்டில் அது புஞ்சையா, நஞ்சையா, அரசுப் புறம்போக்கா, நிபந்தனைப் பட்டாவா என்று தெரியும். பஞ்சமி நிலம், அதாவது பட்டியல் சமூகத்தாருக்கென்று அரசு ஒப்படைத்த நிலம் என்றால், அதை அந்தச் சமூகத்தார் அல்லாத யாருக்கும் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. நல்ல விலை சொல்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் நீதிமன்றம் ஏற வேண்டாம்.

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். தனியாகப் போகாதீர்கள். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எந்தக் குளத்துக்குப் போகிறது, எது பாதை, எது ஓடை, எந்தக் கல் நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போகிற போக்கில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியோடு. பனைகள் நின்றால் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். "எத்தனை பனை நின்றது?" என்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

லைன் எந்த வழியாகப் போகும்?

நிலையம் வருகிற இடத்தைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். அங்கிருந்து சப்ஸ்டேஷனுக்குப் போகிற லைனைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நிலையம் பத்து ஏக்கர்தான், லைன் இருபது பேர் வயலுக்கு மேலே போகலாம். எந்த சப்ஸ்டேஷன், எத்தனை கே.வி. (கிலோவோல்ட்), தரைக்கு மேலா கேபிளாகப் பூமிக்குள்ளா, கோபுரம் எந்த சர்வே எண்களில் நிற்கிறது என்று எழுதிக் கேளுங்கள். 66 கே.வி.யும் அதற்கு மேலும் உள்ள லைன்களின் கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் இருமடங்கு, கம்பிகள் போகிற தடத்துக்கு 30 விழுக்காடு இழப்பீடு என்று மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் நிலத்துக்கு எந்த விகிதம் பொருந்தும் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

கிராம சபைக்குப் போகும்போது

இதில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய தொழிற்சாலை, அனல் மின் நிலையம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அதற்கான 2006 அறிவிக்கையின் பட்டியலில் பேட்டரி நிலையம் தனி இனமாக இல்லை. அதனால் ஆட்சியர் தலைமையில் மேடை போட்டு உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஊர் மொத்தமும் உட்கார்ந்து கேட்கக்கூடிய இடம் கிராம சபைதான். பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தில் கேள்வியை வைக்க வேண்டும்.

இன்னொன்று. கிராம சபை "வேண்டாம்" என்று தீர்மானம் போட்டதாலேயே தனியார் நிலத்தில் வரும் திட்டம் நின்றுவிடாது. "வேண்டும்" என்று போட்டதாலேயே எல்லா அனுமதியும் வந்துவிடாது. நில உபயோக மாற்றத்துக்கும் திட்ட அனுமதிக்கும் நகர் ஊரமைப்புத் துறை வரை கோப்பு போக வேண்டும். விவசாய நிலம் என்றால் வேளாண் துறையின் கருத்தையும் கேட்பார்கள். தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கியிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சரி, அப்படியானால் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு? அந்தக் கோப்பில் உங்கள் ஊரின் கேள்வி தேதியோடு ஏறுகிறது. நாளைக்கு யாரும் "ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லையே" என்று சொல்ல முடியாது.

கூட்டம் நடக்கும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆள் குறைந்தால் கூட்டமே செல்லாது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நூறு நாள் வேலைக்காரர்களை உட்கார வைத்துக் கணக்குக் காட்டிவிட்டுப் போகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவர்களையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்து ஓடை தூர்வாருகிறவர்களுக்கு அந்த ஓடையைப் பற்றித் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

எழுந்து நின்று சத்தம் போட்டால் கைதட்டல் கிடைக்கும், பதிவேட்டில் ஒரு வரியும் ஏறாது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஊராட்சித் தலைவருக்கும் பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இருக்கலாம்: "எங்கள் ஊராட்சி எல்லைக்குள் இன்ன சர்வே எண்ணில் மின்சேமிப்பு நிலையம் அமைக்க ஊராட்சிக்கு விண்ணப்பம் வந்துள்ளதா? வந்திருந்தால் தேதி, விண்ணப்பதாரர், திறன், தள வரைபடம் ஆகியவற்றைச் சபையில் வைக்க வேண்டும். ஓடைக்கும் குடியிருப்புக்கும் உள்ள தூரத்தைத் தெரிவிக்க வேண்டும். இப்பொருளை வருகிற கிராம சபையில் விவாதப் பொருளாகச் சேர்த்து, தீர்மானத்தில் பதிவு செய்யக் கோருகிறோம்." கீழே இருபது கையெழுத்து இருந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்கினால் அந்த இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். இதற்கு யாரும் கோபப்பட முடியாது, பட்டாலும் பரவாயில்லை.

பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. "ஏன்" என்று கேட்காதீர்கள், "நகல் தருக" என்று கேளுங்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, கோப்பில் இருக்கும் தாளுக்கு நகல் தந்தே ஆக வேண்டும்.

தீ

டீக்கடைப் பேச்சில் பாதி உண்மை உண்டு. லித்தியம் செல் ஒன்று கெட்டுச் சூடேறினால், அந்தச் சூடு அடுத்த செல்லைச் சூடேற்றும். அப்படியே தொடரும். எரிகிற வாயுவும் நச்சு வாயுவும் வெளியேறும். பெட்டிக்குள் வாயு சேர்ந்தால் வெடிக்கும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் அதுதான் நடந்தது. புகை அடங்கிவிட்டது என்று தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த சற்று நேரத்தில் வெடித்து, பலர் படுகாயம் அடைந்தார்கள். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பெரிய நிலையம் ஒன்று எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

ஆனால் மாஸ் லேண்டிங்கில் பேட்டரிகள் ஒரு பழைய கட்டடத்துக்குள் மொத்தமாக அடுக்கப்பட்டிருந்தன. செல்களும் என்.எம்.சி. என்கிற, நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த, சூட்டைக் குறைவாகத் தாங்கும் வகை. எல்.எஃப்.பி. வகையை வெட்டவெளியில் தனித்தனிப் பெட்டியாக இடைவெளி விட்டு வைத்தால் ஒரு பெட்டி எரிந்தாலும் அதோடு நிற்க வாய்ப்பு அதிகம். "ஊரே போயிரும்" என்பது மிகை. "ஒண்ணும் ஆகாது" என்பதும் மிகைதான்.

எனவே கேட்க வேண்டியவை இவை. செல் எந்த வகை? கட்டடத்துக்குள்ளா, திறந்த வெளியிலா? பெட்டிக்கும் பெட்டிக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி? தீ பரவுமா என்று பார்க்கிற யு.எல். 9540ஏ சோதனையின் அறிக்கை உண்டா? வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியும் அது வெளியேறும் வழியும் உண்டா? தண்ணீர் எங்கே, எத்தனை லிட்டர்? தீயை அணைத்த தண்ணீர் எங்கே போய்த் தேங்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். நம் பக்கம் எல்லாச் சரிவும் ஏதோ ஒரு குளத்தில்தான் முடிகிறது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு நடை போய், இதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா என்று மரியாதையாக விசாரியுங்கள். தீப்பிடித்தால் ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது 101-க்குக் கூப்பிட்டுவிட்டு, காற்று வருகிற திசைப் பக்கமாக விலகிப் போவதுதான். குடத்தோடு ஓடக்கூடாது. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற நம் காற்றுக்கு நிலையத்தின் கிழக்கே எந்தத் தெரு இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

வெள்ளமும் சத்தமும்

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றைக்கு அந்த நிலத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, சுவரில் இருக்கும் கறையைப் படம் எடுங்கள். பெட்டி வைக்கும் மேடை அதைவிட உயரமா என்று கேளுங்கள். மேடையை உயர்த்தினால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குத் திரும்புமே, அதற்கு வடிகால் எங்கே என்பது அடுத்த கேள்வி.

சத்தம் பேட்டரியிலிருந்து வராது, குளிரூட்டும் விசிறியிலிருந்தும் இன்வெர்ட்டரிலிருந்தும் வரும். செல்லுக்குப் பிடித்தது 25 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விசிறிக்கு ஓய்வே இருக்காது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. இதில் நான் அதிகம் கவலைப்படமாட்டேன். தூரமும் சுவரும் இருந்தால் தீர்கிற விஷயம். வீடு ஐம்பதடியில் இருந்தால் மட்டும் விடாப்பிடியாக நில்லுங்கள்.

குத்தகைக்குக் கொடுப்பவர்களுக்கு

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும். உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவரை, எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். பேட்டரி ஒப்பந்தங்கள் பொதுவாக 12 முதல் 15 வருடம். உங்கள் குத்தகை 30 வருடம் என்று எழுதியிருந்தால் மீதி வருடம் எதற்கு என்று கேளுங்கள். வாடகை வருடத்துக்கு எத்தனை விழுக்காடு ஏறும், கம்பெனி வேறு கம்பெனிக்குக் கை மாற்றினால் பாக்கியை யார் தருவார்கள், முடிவில் செல்களை எடுத்துப்போவது யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. கான்கிரீட்டுக்கு அந்த விதி பொருந்தாது. மேடையை உடைத்து அள்ளி, மண் போட்டு, உழுகிற நிலமாகத் திருப்பித் தர வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வைப்புத்தொகையும் கேளுங்கள்.

அப்பா கொடுத்த நிலத்துக்குப் பக்கத்து நிலத்திலும் ஒரு காத்தாடி இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிறது. அடித்தளம் அப்படியே கிடக்கிறது, நடுவில் துருப்பிடித்த போல்ட்டுகள் வட்டமாக நீட்டிக்கொண்டு. நிலத்துக்காரர் அதைச் சுற்றித்தான் உழுகிறார்.